மழை நாளில் மலைநாட்டுக் காட்டுக்கோழியைப் பார்ப்பது எப்படி

வட அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் மழை பெய்யும் நாளை வீண் நாளாகக் கணக்கிடுவதில்லை. மழை பிடித்துக்கொண்டதும் வான்கோழி அடர்ந்த மரக்கூட்டத்தை விட்டு நீங்கி, புல்வெளிக்கோ அறுவடை முடிந்த வயலுக்கோ வந்து நின்றுவிடும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். காட்டுக்குள் ஒவ்வொரு இலையும் சொட்டிக்கொண்டும் அசைந்துகொண்டும் இருக்கும்போது, எதிரி வரும் ஓசையைப் பறவையால் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே காதை நம்புவதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பக்கூடிய வெளியான இடத்துக்கு அது வருகிறது. நமது மலைநாட்டில் காட்டு வான்கோழி கிடையாது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த, இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய, நாட்டின் தேசியப் பறவையுமான இலங்கைக் காட்டுக்கோழி தூறலிலும் மழை ஓய்ந்த வேளையிலும் ஏறத்தாழ இதே விதமாகவே வெளிக்கு வருகிறது. வேட்டைக்காரர் துப்பாக்கியோடு பயன்படுத்தும் அந்த அறிவை நாம் தொலைநோக்கியோடு பயன்படுத்தலாம் என்பதே இங்கே சொல்ல வந்த விடயம்.

துப்பாக்கி, கண்ணி, பொறி ஆகிய எதற்கும் இங்கே இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காட்டுக்கோழியைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றமாகும். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், தோட்டங்களின் ஓரத்தில் காட்டுப்பன்றிக்கும் கோழிக்குமென்று கட்டப்படும் கம்பிக் கண்ணிகள் எதைப் பிடிக்கும் என்பதைக் கட்டியவரே சொல்ல முடியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்ட பின்னரும் பிழைக்கவில்லை. நீங்கள் நடக்கும் வழியில் கண்ணியைக் கண்டால், நீங்களாக அவிழ்க்க முயலாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

எந்த மழை, எந்தப் பக்கம்

மலைநாட்டு மழையை ஒரே மழையாக எண்ணுகிறவர்கள் தேடிப்போகும் நாளில் பாதியை இழந்துவிடுவார்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைத்துக் குளிப்பாட்டும்போது, மலைத்தொடரின் மறுபக்கத்தில் வெலிமடையும் பண்டாரவளையும் காற்றில் காய்ந்துகொண்டிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவமழையில் நிலைமை தலைகீழாகி, பதுளைப் பக்கமும் நக்கிள்ஸ் மலைகளின் கிழக்குச் சரிவும் நனைகின்றன. இதைப் பாடமாகப் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது எளிது. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்திலிருந்து ஒஹியவுக்குப் போகும் புகையிரதம் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து, மறுபக்கம் வெயிலில் வெளிவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காட்டுக்கோழியைப் பார்க்க மிகவும் ஏற்றது, காற்றில்லாத மெல்லிய தூறல். இத்தகைய தூறலில் பறவை ஒதுங்கி நிற்பதே இல்லை, வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும். கொட்டும் மழையில் அது அடர்ந்த புதரின் அடியில் கழுத்தை உள்ளிழுத்து, வாலைத் தாழ்த்தி, முதுகில் விழும் நீர் வழிந்தோடும்படி அசையாமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் நீங்கள் தேடி அலைவதால் பயன் ஏதுமில்லை. அதை எழுப்பிக் கலைப்பதால் அதற்குக் கேடு மட்டுமே உண்டு. மூடுபனி நாளில் கூவல் கேட்கும், உருவம் தெரியாது. மழையோடு பலத்த காற்றும் சேர்ந்த நாளில் வீட்டில் இருந்து தேநீர் குடிப்பதே மேல்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்களில் பெய்யும் இடிமழை தனி வகை. காலை தெளிவாக விடியும், மத்தியானத்துக்குப் பிறகு மேகம் திரளும், இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ வெளுத்து வாங்கிவிட்டு, பல நாட்களில் பொழுது சாய்வதற்குள் ஓய்ந்துவிடும். இந்த ஓய்வுதான் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வேளை. இரண்டு மூன்று மணி நேரம் இரையின்றி ஒடுங்கி நின்ற பறவை, இருட்டுவதற்கு முன்பு இரைப்பையை நிரப்பிக்கொண்டு மரத்தில் அடைய வேண்டும். அதனால் அது அவசரமாக வெளியே வரும். வழக்கமான நாளில் எட்டிப் பார்த்துவிட்டு மறையும் சேவல்கூட, அந்த அரை மணி நேரத்தில் திறந்த வெளியில் நின்று கிளறும்.

மழைக்கு முன்பே போய் உட்காருங்கள்

புதியவர்கள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான். மழை விடட்டும் என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) தாழ்வாரத்திலோ தேநீர்க் கடையிலோ காத்திருந்துவிட்டு, விட்டதும் புறப்படுகிறார்கள். அவர்கள் இடத்தைச் சேரும்போது பறவை ஏற்கனவே வெளியே வந்து நிற்கிறது. இவர்களைக் கண்டதும் ஓடிவிடுகிறது. காட்டுக்கோழி உங்களைக் காண்பதற்கு முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். மழை தணியத் தொடங்குவதற்குக் குறைந்தது கால் மணி நேரத்துக்கு முன்பாவது இடத்தில் அமர்ந்து, உங்கள் உருவம் அந்தச் சூழலின் ஒரு பகுதியாகிவிடும்படி அசையாதிருக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு உட்கார மனமில்லாதவருக்கு இந்தப் பறவை ஓடும் பறவையாகவே தெரியும். மேயும் பறவையாகத் தெரியாது.

அமரும் இடத்தைத் தேர்வதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. காடும் வெளியும் சந்திக்கும் ஓரமே காட்டுக்கோழிக்கு உகந்த இடம்: தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் வரிசை, மானாப்புல் மலையின் நடுவே ஓடையை ஒட்டி நிற்கும் மரக்கூட்டம், காட்டை அறுத்துச் செல்லும் தோட்டத்து மண் பாதை ஆகியவற்றை முதலில் பாருங்கள். அண்மையில் கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளை நறுக்கிவிட்ட, தேயிலை மலை இருந்தால் அதை விடாதீர்கள். செடிகள் மொட்டையாக நிற்பதால் பறவை தெளிவாகத் தெரியும். வெட்டிப் போட்ட மிலாறும் (சுள்ளிகளும்) இலையும் ஈரத்தில் மக்கத் தொடங்கியதும் அவற்றுக்கடியில் புழுவும் பூச்சியும் பெருகுவதால் பறவையும் அங்கே விரும்பி வரும். ஓரத்திலிருந்து இருபத்தைந்து, முப்பது மீற்றர் தள்ளி, முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ பாறையோ இருக்கும்படி அமருங்கள். கானுக்குள், அதாவது தோட்டத்து நீர் வடிகாலுக்குள், மட்டும் உட்காராதீர்கள். நான் ஒருமுறை காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று ஒரு காய்ந்த கானில் இறங்கி அமர்ந்து, மேலேயிருந்து வந்த தண்ணீர் குறிப்புப் புத்தகத்தையும் சாப்பாட்டுப் பொதியையும் சேர்த்துக் கொண்டுபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எந்த ஓரம் என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேட்பது. நாள் முழுவதும் அந்த மலையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாத பறவை இல்லை. “அக்கா, இந்தப் பக்கம் காட்டுக்கோழி கூவுதா?” என்று நான் கேட்டபோது, ஒருவர் கூடையை இறக்காமலேயே, “பதினெட்டாம் நம்பர் மலைக்கு மேல மழை விட்ட கையோட ரெண்டு நிக்கும் தம்பி, சத்தம் போடாமப் போங்க” என்றார். நான்கு நாட்களாகத் தேடியும் கிடைக்காத இடம் ஒரே வரியில் கிடைத்தது. தோட்டத்துக்குள் போவதற்கு நிர்வாகத்திடம் அனுமதி பெறுவதும் காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் மரியாதை. இருட்டும் நேரத்தில் காட்டோரத்தில் குந்தியிருக்கும் அந்நியரை யாரும் பறவை பார்க்க வந்தவராக எண்ணமாட்டார்கள்.

இரண்டாவது வழி தடம் பார்ப்பது. இதில் மழை நமக்குச் செய்யும் உதவி பெரிது. வறண்ட நாளில் காணும் கிளறல் இன்றையதா, ஒரு வாரத்துக்கு முந்தையதா என்று சொல்வது கடினம். ஒரு பெருமழை பெய்து ஓய்ந்த பின்னரோ பழைய தடங்கள் எல்லாம் கழுவப்பட்டுவிடும். அதன் பிறகு நீங்கள் காணும் ஒவ்வொரு அடையாளமும் அன்றைய அடையாளம். ஈரச் சருகு ஒதுக்கப்பட்டு, கீழிருக்கும் கறுப்பு மண் கையளவு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் அது கிளறல். பாதைச் சேற்றில் முன்னே மூன்று விரலும் பின்னே ஒன்றும் பதிந்த அடி தெரிந்தால், லயம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஊர்க்கோழியின் அடியும் அதேபோன்றதுதான். ஆனால் ஊர்க்கோழி வீட்டை விட்டு அதிக தூரம் போகாது.

ஈரச் சருகு காலின் கீழ் நொறுங்குவதில்லை என்பதும் மழை தரும் சலுகையே. வெயில் காலத்தில் பத்து அடி எடுத்து வைத்தாலே காடு முழுவதற்கும் செய்தி போய்விடும் அதே வழியில், மழைக்குப் பிறகு ஓசையின்றி நடக்கலாம். இந்தச் சலுகையை உடையால் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு கையை உயர்த்தும்போதெல்லாம் சரசரக்கும். அதன் மஞ்சள், நீல நிறங்கள் வேறு. மங்கிய பச்சை அல்லது மண் நிறத்தில், துணி மேற்பரப்புள்ள மழைச்சட்டை நல்லது. அதற்குள் பருத்தியை அணியாதீர்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளிச் சட்டை நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஹோட்டன் சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுமார் 13 பாகைதான். நனைந்த உடம்போடு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்வது அங்கே விளையாட்டல்ல.

கறுப்புக் குடையை நான் இன்றும் விடுவதில்லை. விரித்துத் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டால் அதுவே ஒரு மறைவிடம், தொலைநோக்கியும் நனையாது. ஆனால் அமர்ந்தவுடனேயே விரித்துவிட வேண்டும். பறவை வந்த பிறகு குடையை விரிப்பது துப்பாக்கி வெடிப்பதற்குச் சமம்.

அட்டைக்கு அஞ்சுகிறவர்கள் முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறையை அணிந்து, சப்பாத்தின் மேல் ஈரச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொள்ளலாம். மழை கழுவக் கழுவ மீண்டும் தேய்க்க வேண்டும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கத்தில் கொடுத்து மெதுவாக நெம்பி எடுங்கள். அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கடித்த இடம் சிறிது நேரம் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஏதுமில்லை; கழுவித் துடைத்து ஒரு துண்டுத் துணியை அழுத்திக் கட்டினால் போதும்.

வந்த பறவையை அடையாளம் காணுதல்

சேவலை எவரும் தவறவிடமாட்டார்கள். செம்மஞ்சளும் செம்பும் கலந்த உடல், கருநீல ஊதாச் சிறகும் வாலும், சிவந்த கொண்டையின் நடுவே ஒரு மஞ்சள் திட்டு ஆகியவை அதன் அடையாளம். இந்த மஞ்சள் திட்டுத்தான் ஊர்ச் சேவலிலிருந்து அதை உறுதியாகப் பிரித்துக் காட்டும். பேடு சிறியது, மண்ணிறம், வயிற்றில் வெள்ளையும் கறுப்புமான கோலம். ஈரச் சருகின் மேல் அசையாமல் நின்றால் கண்ணுக்கு முன்னே இருந்தும் தெரியாது. சேவலின் கூவல் ஊர்ச் சேவலின் நீண்ட கொக்கரக்கோ அல்ல. இரண்டு வெட்டுகளாக, ‘ஜோர்ஜ் ஜோய்ஸ்’ என்று யாரையோ பெயர் சொல்லி அழைப்பது போல முடியும். பழைய காலத்து ஆங்கிலேயர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை சொல்லக் கேட்டுவிட்டால் நமது காதுக்கும் வேறு எப்படியும் கேட்பதில்லை.

மழை பெய்யும்போது கூவலை நம்பித் தேடாதீர்கள். ஓய்ந்த பின்பு காது கொடுங்கள். கைப்பேசியில் கூவலை ஒலிக்கவிட்டுச் சேவலை வெளியே இழுப்பது நல்ல பழக்கமல்ல. தன் எல்லைக்குள் வேறொரு சேவல் வந்துவிட்டதென்று எண்ணி, மேய வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும்.

ஒரு ஏப்ரல் மாலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்தேகாலுக்குத் தணிந்தது. தூறல் முற்றாக நிற்பதற்குள் சேவல் தேயிலை ஓரத்துக்கு வந்துவிட்டது. முதலில் தலை மட்டும் தெரிந்தது. ஒரு பக்கக் கண்ணால் பார்த்து, தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்துவிட்டு, பிறகுதான் முழு உடலும் வெளியே வந்தது. பாதையின் நடுவில் நின்று உடம்பை ஒருமுறை உலுக்கியதும் நீர்த்துளிகள் சுற்றிலும் சிதறின. அதுவரை கறுத்து ஒட்டிக்கிடந்த கழுத்து இறகுகள் பிரிந்து, ஒவ்வொன்றாக நிறம் ஏறின. இடக்காலால் இரண்டு, வலக்காலால் ஒன்று என்று கிளறி, ஒரு அடி பின்வாங்கி, கிளறிய இடத்தைக் குனிந்து பார்த்தது. குனிந்து கொத்தும் ஒவ்வொரு முறையும் உடனே தலையை நிமிர்த்தியது. நீங்கள் தொலைநோக்கியை உயர்த்த வேண்டுமானால் அது குனியும் அந்த நொடியில் உயர்த்த வேண்டும். நிமிர்ந்திருக்கும்போது விரலைக்கூட அசைக்கக் கூடாது.

பேடு குஞ்சுகளோடு வந்தால் விதி மாறுகிறது. குஞ்சின் மென்தூவி நீரைத் தாங்காது. நனைந்து குளிர்ந்தால் விரைவில் இறந்துவிடும் என்பதால் தாய் அவற்றை அடிக்கடி சிறகுக்குள் ஒடுக்கிக்கொள்ளும். நீங்கள் கலைத்துவிட்டால் குஞ்சுகள் ஈரப் புல்லுக்குள் சிதறும். அத்தகைய சமயத்தில் படம் எடுக்கக்கூட எழாமல் இருந்த இடத்திலேயே இருந்து, அவை போன பிறகு நகருங்கள்.

எங்கே போகலாம்

நடக்க முடியாதவர்களுக்கும் முதன்முறை போகிறவர்களுக்கும் ஹோட்டன் சமவெளியே எளிது. பட்டிப்பொல வாசலிலிருந்தும் ஒஹிய வாசலிலிருந்தும் உள்ளே செல்லும் பாதையோரத்தில், விடியற்காலைத் தூறலில் காட்டுக்கோழி சாவகாசமாக மேயும். வாகனத்தை அது மனிதனாகக் கணக்கிடுவதில்லை. ஆகவே இறங்காமல், எஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் தாழ்த்திப் பாருங்கள். கண்ணாடி துடைப்பானையும் நிறுத்த மறக்காதீர்கள். பறவையை விரட்டுவது பெரும்பாலும் அதன் அசைவுதான். உணவுப் பொதிகளின் பொலித்தீனை வாசலிலேயே அகற்றிவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோவது நல்லது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, குறிஞ்சி இனத்தைச் சேர்ந்த நெலுச் செடிகள் ஒன்றாகப் பூத்து விதை உதிர்க்கும் காலத்தில் காட்டுக்கோழிகள் அவ்விதைக்காகக் கூட்டமாகத் திரளும். அந்தப் பருவம் வாய்த்தால் மழைக்காகக் காத்திராமல் அங்கே போங்கள்.

ஹக்கலைத் தாவரவியல் பூங்காவின் மேல் எல்லை, ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தங்கமலைச் சரணாலயம், நக்கிள்ஸில் ரிவஸ்டன் பக்கம் ஆகியவையும் ஏற்றவை. சிங்களத்தில் ஹபன் குக்குளா எனப்படும், கால்களில் இரட்டை முள்ளுடைய இன்னொரு கோழியினப் பறவையைத் தேடுகிறவர்கள் கித்துல்கலை போன்ற தாழ்ந்த ஈரக்காடுகளுக்குப் போக வேண்டும். அது வெளியே வரும் பறவையல்ல. ஏறிச் செல்லும் சீட்டியொலியைக் கேட்டுவிட்டுத் திரும்புவதே பெரும்பாலும் கிடைக்கும் பலன்.

போகக் கூடாத நாட்கள்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படுவதற்கு முன் பாருங்கள். 24 மணி நேரத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பதே அதன் பொதுவான அளவுகோல். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் பறவையை மறந்துவிட்டு இறங்கி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைப் பார்த்த தலைமுறைக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இடி முழங்கத் தொடங்கினால் புல்மலையில் தனித்து நிற்கும் மரத்தடியை விட்டு விலகி, வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ போய், கடைசி முழக்கத்துக்குப் பிறகும் அரை மணி நேரம் பொறுத்திருங்கள். குளவிக் கூடு இருப்பதாகத் தொழிலாளர்கள் சொல்லும் மலைக்குள் எந்தக் காலநிலையிலும் போகாதீர்கள்.

தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முன்வில்லையும்) அளவில், நீர் புகாதவாறு அடைக்கப்பட்டதாக இருந்தால் உட்புறம் பனி படியாது. படமெடுப்பவர்கள் மேகமூட்ட வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) 1600க்கு மேல் உயர்த்தத் தயங்க வேண்டாம்; மங்கலான படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் நல்லது. குளிரிலிருந்து திரும்பியதும் கமராவை அடுப்படிச் சூட்டுக்கு நேராகக் கொண்டுபோகாமல், பைக்குள் மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு திறந்து துடையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பது பலரும் சொல்லும் வழியானாலும், அதன் தூசி வில்லையின் இடுக்கில் போய்ச் சேரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளைப் போட்டு வைப்பதே சரியானது. நுவரெலியாவின் ஈரத்தில் அலுமாரிக்குள் சும்மா வைத்த என் பழைய வில்லையில், ஒரே மழைக்காலத்துக்குள் பூஞ்சணம் சிலந்தி வலை போலப் படர்ந்துவிட்டது.